கோபுரம் வர வேண்டிய இடம்

ஜனவரி 1, திங்கள்

பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் டைரி கொடுத்தார்கள். முப்பத்தைந்து வருஷம் கிராம செவிலியராகப் பதிவேடு எழுதியவள் நான். எல்லாம் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் எடை, தடுப்பூசித் தேதி, கர்ப்பிணிகளின் ரத்த அளவு. ஓய்வு பெற்றபின் பேனா பிடிக்கவே மறந்துபோயிற்று. இந்த வருஷம் எனக்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலை ஆராதனை முடிவில் புதுக் கோபுரத்தின் மாதிரியைக் கோயிலில் வைத்தார்கள். தெர்மோகோலில் செய்தது, என் உயரம் இருக்கும். உச்சியில் சின்ன சிலுவையில் பல்பு எரிந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. எபெனேசர்விளைக் கோயிலுக்கு நூற்றைம்பது வயது ஆகப்போகிறது. ஆனாலும் கோபுரம் மட்டும் குட்டை. அடுத்த ஊர்க் கோபுரம் நம்முடையதைவிட எத்தனை அடி கூடுதல் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏழு ஊர்ச் சபை சேர்ந்த எங்கள் சேகரத்தின் கமிட்டிக்கு அத்தான்தான் செயலாளர். குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடம் அவர் கையாலேயே போட்டது. மாதிரியின் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

கோபுரத்துக்கான பிடி அரிசி இன்று முதல். வீட்டுக்கு வீடு வாளியோடு போவது என் பொறுப்பு. கிழக்குத் தெருவில் ராகேலிடம் மட்டும் வேண்டாம் என்றேன். பீடி சுற்றிப் பிழைக்கிறவள், கைம்பெண், வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறவள். கோபித்துக்கொண்டு இரண்டு பிடியாகப் போட்டாள்.

அத்தானின் தோல் செருப்பு கடிக்கிறதாம். ரப்பர் செருப்பு வாங்கிவந்தார். பழசுக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. தோல் சுருங்கியிருக்கும்.

ஜனவரி 27, சனி

கல் நாட்டு விழாவுக்கு இரண்டு வாரம்தான். கோயில் திரைச்சீலை எல்லாம் துவைத்துக் காயப்போட்டோம். வீட்டில் மிளகாய் வற்றல் காயவில்லை, அதையும் புரட்டிப் போட்டேன்.

சாப்பிடும்போது அத்தானிடம், இவ்வளவு உயரம் எதற்கு என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். சென்னை, பம்பாய், துபாய் என்று போன பிள்ளைகள் பஸ்ஸில் ஊருக்கு வரும்போது நாலு மைலுக்கு அப்பாலிருந்தே கோபுரம் தெரிய வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் அப்படி ஒரு ஆசை உண்டு.

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். மீன் குழம்பு வாடை பிடிக்கவில்லை என்கிறார். வேலை அதிகம். முகமும் காலையில் ஊதினாற்போல் இருக்கிறது, தூக்கம் போதவில்லை. உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடுகிறேன். இந்த வயதில் எல்லாருக்குமே நல்லதுதான்.

பிப்ரவரி 9, வெள்ளி

கல் நாட்டியாயிற்று. பேராயர் வந்தார். மெயின் ரோடு முழுக்கப் பந்தல், வாழை, பேண்டு வாத்தியம். ஊர் முகப்பிலிருந்து கோயில்வரை பவனி. கோயில் வளாகத்தில் மூடிக் கிடக்கும் பழைய துவக்கப் பள்ளிக்கூடத்தின் முன்னால்தான் கல். பிள்ளைகள் இல்லாமல் மூடிய பள்ளி. ஈஸ்டர் கழிந்ததும் அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் கோபுரம் எழும்பும்.

ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். கால் வலிக்கிறது. சந்தோஷமான வலி.

பிப்ரவரி 10, சனி

மத்தியானம் ராகேலின் மகள் ஜெமிமா ஓடிவந்தாள். கல்லூரி படிக்கிற பெண், அழுது நான் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தால் ராகேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். உதடு நீலம். நெஞ்சில் காதை வைத்தேன், நீர் கொதிக்கிற சத்தம். ஒரு நாள் டயாலிசிஸ் தவறினால் உடம்பில் சேர்ந்த நீர் நுரையீரலுக்குள் ஏறிவிடும்.

“நேத்து போகலியா?” என்று கேட்டேன்.

“பஸ் வரலியே நர்ஸம்மா. பந்தல் போட்டிருந்தாவல்லா. ரோடு பிரியுற விலக்குக்கு நடந்து போவோம்னு பாத்தேன். பாதி வழியில மூச்சு முட்டிட்டு. திரும்பிட்டேன்.”

நூற்றெட்டுக்குப் போன் செய்து, அது வரும்வரை காத்திராமல் நம் காரிலேயே ஏற்றினேன். அத்தான்தான் ஓட்டினார். வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது, அதில் மாற்றி நானும் ஏறிக்கொண்டேன். அவளைப் படுக்கவிடாமல் என் தோளில் சாய்த்து உட்காரவைத்தபடியே போனேன். ஆஸ்பத்திரியில் உடனே மிஷினில் போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

வாசலில் காரில் வந்து சேர்ந்த அத்தான், என்ன நடந்தது என்று கேட்டார். பஸ் வராததைச் சொன்னேன். வீடு வருகிறவரை ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பிடி அரிசிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலைவலி இல்லை.

பிப்ரவரி 26, திங்கள்

ஒரு வாரமாக ஏழு ஊரும் சுற்றினேன். நம் சேகரத்துக்குள் ராகேலைப்போல டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கத்தான். பழைய ஸ்கூட்டியைத் துடைத்து எடுத்தேன். கர்ப்பிணிகளைத் தேடிப்போன அதே தெருக்கள்தாம்.

பதினோரு பேர். ஆறு ஆண், ஐந்து பெண். பனையேறி முத்துமாலை, சாயர்புரம் சாலையில் பஞ்சர் ஒட்டுகிறவர், ஆட்டுக்காரர், இரண்டு டீச்சரம்மா. கருக்கலில் நாலே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பி, சாயங்காலம் ஐந்துக்கு வீடு திரும்புகிறார்கள். கூட ஒருவர் போக வேண்டும், அவர் வேலையும் போகும். பன்னிரண்டாவதாக ஒருவர் இருந்திருக்கிறார். வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். போன டிசம்பருக்குப் பிறகு போக மாட்டேன் என்று படுத்துவிட்டாராம். படம் மாலையோடு சுவரில் தொங்கியது.

இத்தனைக்கும் அவருடைய அடக்க ஆராதனைக்கு நான் போயிருக்கிறேன். என்ன நோய் என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

கமிட்டிக் கூட்டம். பெண்கள் சங்கச் செயலாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை பேசியிருந்தால் அதிகம். இன்று எழுந்து நின்றேன்.

பழைய பள்ளிக்கூடத்தை இடிக்க வேண்டாம். நல்ல கல் சுவர். அதில் நாலு டயாலிசிஸ் மிஷின் போடலாம். பக்கத்து மாவட்ட மிஷன் ஆஸ்பத்திரியின் சிறுநீரக டாக்டர் மெர்லினிடம் பேசியிருக்கிறேன், வாரம் இரண்டு நாள் தானே வருவதாகவும், பயிற்சி பெற்றவர்களை நிரந்தரமாக அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். கோபுரத்துக்குச் சேர்ந்ததை இதற்குத் திருப்புவோம். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பலசரக்குக் கடை வேதமணி அண்ணன் நிதானமாகத்தான் பேசினார். விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் பாதத்தில் ஊற்றிய பெண்ணை அவர் கடிந்துகொள்ளவில்லையே, ஆலயத்துக்குச் செய்வதும் ஆண்டவருக்குச் செய்வதுதானே என்றார். இல்லை என்று எப்படிச் சொல்ல? எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

அடுத்து அத்தானைப் பார்த்தேன். என் பக்கம் நிற்பார் என்றுதான் நினைத்திருந்தேன். ராகேலைக் காரில் கொண்டுபோனவர் அவர்.

“ஜனங்க கோபுரத்துக்குக் கொடுத்தாங்க. கோபுரம்தான் கட்டணும்,” என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஒன்பது பேர் எதிர்ப்பு, மூன்று பேர் ஆதரவு. சாலமோன் ஐயர் நம் சேகரத்துக்குக் குருவாக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சின்ன வயது. மெல்லத்தான் பேசுவார். ஆனாலும் இவ்வளவு பெரிய காரியத்தைக் கமிட்டி மட்டும் முடிவு செய்ய வேண்டாம், ஏப்ரல் பதினான்காம் தேதி முழுச் சபையும் கூடிப் பேசட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

முருங்கைக்கீரை பொரியல், ரசம். வீட்டில் பேச்சு இல்லை.

மார்ச் 15, வெள்ளி

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். பேச்சு இல்லை. கோபுர வரைபடத்துக்கு அனுமதி வாங்க செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டை போவதாக அத்தான் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 19, செவ்வாய்

ஜெமிமாவுக்குப் பரீட்சை. ராகேலுக்குத் துணையாக நான் போனேன். நாலே முக்கால் பஸ். விலக்கில் இன்னும் மூன்று பேர் ஏறினார்கள், எல்லாரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு குடும்பம்போல இருந்தது.

ராகேலை மிஷினில் போட்டதும் நாலு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. காப்பி குடிக்கக் கீழே போனேன். வெளி நோயாளிகள் வரிசையில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

சிறுநீரகப் பிரிவு வரிசை. மடியில் மஞ்சள் பை. பைக்குள் கனத்த ஃபைல், ஓரம் நைந்துபோனது. ஒரு நாளில் ஃபைல் அவ்வளவு கனக்காது.

தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் பேரைக் கூப்பிட்டார்கள். “தேவசித்தம்” என்று. எழுந்து, ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து உள்ளே போனார்.

நான் மேலே வந்துவிட்டேன். ராகேல் என் முகத்தைப் பார்த்து என்ன என்றாள். பசி என்றேன்.

மார்ச் 20, புதன்

இட்லி, தேங்காய் சேர்க்காத சட்னி, தேங்காய் சிறுநீரகத்துக்கு ஆகாது. அனுமதி கிடைத்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை, மறுபடி போக வேண்டும் என்றார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் ஐயரிடம் போனேன். பதினான்காம் தேதி என் தீர்மானத்தை நான் கொண்டுவரவில்லை, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். காரணம் கேட்டார். முந்தி ராகேலுக்காகக் கேட்டேன், இப்போது யாருக்காகக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. அவரும் தோண்டவில்லை.

“நீங்க எந்த மனசோட கேட்டாலும், பதினோரு பேருக்கும் நோய் அதேதான் அக்கா,” என்றார். “உங்க மனசு சுத்தமாகிற வரைக்கும் அவங்க காத்திருக்க முடியுமா?”

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் எழுந்து நின்று பேச என்னால் முடியாது. அவரே கொண்டுவரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் ஒருவரும் கலையவில்லை. பெஞ்சு நிறைந்து, பக்கச் சுவரோரமெல்லாம் நின்றார்கள். பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பின்னால், தூணோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் தீர்மானத்தை வாசித்தார். வேதமணி அண்ணன் முந்தி சொன்னதையே சொன்னார். இன்னும் சிலர் பேசினார்கள். கல் நாட்டியபின் நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்றார் ஒருவர். இரண்டையும் செய்யலாமே என்றார் இன்னொருவர், எந்த இடத்தில் என்று கேட்டபோது உட்கார்ந்துவிட்டார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

செயலாளர் பேச வேண்டும் என்றார்கள். அத்தான் பீடத்துப் படியருகே போய் நின்றார். கையில் எழுதிய காகிதம் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“கமிட்டியில நான் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு இன்னைக்குச் சொல்லிருதேன்,” என்றார். “எனக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டிருக்கு. ஒன்றரை வருஷமாத் தெரியும். என் வீட்டுக்காரிகிட்ட சொல்லல. இந்த வருஷத்துக்குள்ள எனக்கும் மிஷின் வேணும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

ஒரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“கிருபா அதைக் கேட்டப்ப, சரின்னு சொல்ல வாய்வரை வந்துச்சு. பிறகு, நாளைக்கு நான் அந்தக் கட்டில்ல போய்ப் படுத்தா, செயலாளர் தனக்குத்தான் கட்டிக்கிட்டான்னு சொல்லுவீங்களேன்னு பயம் வந்துட்டு. வேண்டாம்னுட்டேன். என் மானத்துக்காகப் பதினோரு பேரைக் கருக்கல்ல பஸ் ஏத்திவிட்டேன்.”

யாரோ தண்ணீர் கொண்டுபோனார்கள். ஒரு வாய்தான் குடித்தார்.

“கோபுரத்து மேல எனக்கு இப்பவும் ஆசைதான். நான் போனப்புறமும் என் பேரைச் சொல்ல ஒண்ணு நிக்கட்டும்னு நினைச்சேன். அதையும் ஆண்டவர் பேரைச் சொல்லி நினைச்சேன். அதுக்கு இந்தச் சபைகிட்ட மன்னிப்புக் கேக்குதேன். செயலாளர் பொறுப்பை இப்பவே விடுதேன். எனக்கு ஓட்டும் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்துல கட்டில் போட்டீங்கன்னா, அவங்க எல்லாருக்கும் பிறகுதான் என் முறை. அதுவரைக்கும் நானும் பஸ்ஸுல போவேன்.”

இறங்கி வந்து ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

தீர்மானத்தை ஏற்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் ஐயர். முதலில் எழுந்தது வேதமணி அண்ணன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராக நின்றார். அவரைத் தொடர்ந்து அவர் வீட்டார். பிறகு பாடகர் குழு. பிறகு பெஞ்சுகள் தரையில் உரசுகிற சத்தம் முன்னிருந்து பின்னால் போயிற்று, நூற்றைம்பது வருஷக் கட்டடம் அதிர்ந்தது. எண்ணத் தேவையே இல்லாமல் போயிற்று. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அத்தான். இன்னொருத்தி நான், நிற்க முடியாமல்.

ராகேல் வந்து என்னைத் தூக்கிவிட்டாள்.

ஏப்ரல் 15, திங்கள்

காலையில் முற்றத்தில் வேப்பம்பூ கூட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து படியில் உட்கார்ந்தார்.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார். நேற்று நான் ஆச்சரியப்படாததைப் பார்த்திருக்கிறார்.

மார்ச் பத்தொன்பது, ஆஸ்பத்திரியில் பார்த்தேன் என்றேன். கேட்டிருக்கலாமே என்றார். நீங்களும் சொல்லியிருக்கலாமே என்றேன்.

மார்ச் பத்தொன்பது என்று சொன்னதும் பொய்தான். டைரியைப் புரட்டிப் பார்க்கிறேன். ஜனவரியிலேயே எல்லாம் எழுதிவைத்திருக்கிறேன், செருப்பு, முகம், மீன் வாடை. ஊரெல்லாம் காலை அமுக்கி வீக்கம் பார்த்த கை இது. என் வீட்டுக் காலை அமுக்கிப் பார்க்கப் பயந்திருக்கிறது.

இன்று பார்த்தேன். கணுக்காலில் பெருவிரலை வைத்து அமுக்கினேன். குழி விழுந்தது. மெல்லத்தான் நிரம்பியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 6, திங்கள்

நன்கொடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் அத்தான் கைப்படக் கடிதம் எழுதுகிறார். கோபுரம் இல்லை, இன்னதுதான், சம்மதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறோம் என்று. பேராயரும் விவரம் கேட்டு எழுதிவிட்டு, அனுமதி கொடுத்துவிட்டார். மூன்று பேர்தான் திருப்பிக் கேட்டார்கள். மரியாதையோடு அனுப்பிவிட்டோம். கோபுரத்துக்கு மணி வாங்கித் தருவதாக முந்தி சொல்லியிருந்த ஒரு சென்னைக்காரர் மட்டும் இரண்டு வாரம் பேசவில்லை. இன்று போன் செய்து, நாலு மிஷினில் ஒன்று தன்னுடையது, பேர் போட வேண்டாம் என்றார்.

ஜூன் 18, செவ்வாய்

பள்ளிக்கூடம் ஆளே மாறிவிட்டது. பனையேறிகள் ஓடு பிரித்தார்கள், பாடகர் குழுவினர் வெள்ளையடித்தார்கள், வேதமணி அண்ணன் தரைக்கு டைல்ஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பேசாமல் போனார். பெண்கள் சங்கம் பெஞ்சுகளைத் தேய்த்துக் கழுவியது. முந்தி கோபுரத்துக்கென்று எடுத்த அரிசியில் வேலைக்காரர்களுக்குச் சமைக்கிறோம்.

தண்ணீர்தான் இடிக்கிறது. டயாலிசிஸுக்குச் சாதாரணச் சுத்தம் போதாது. நம் கிணற்றில் செம்மணல் தேரிக்காட்டு உப்புத் தண்ணீர். சுத்திகரிக்கும் இயந்திரம் போட்டும் பரிசோதனையில் தேறவில்லை. டாக்டர் மெர்லின் கறாராகச் சொல்லிவிட்டார், தண்ணீர் தேறாமல் ஒரு ஊசிகூடக் குத்த விடமாட்டேன் என்று.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டாவது தடவையும் தேறவில்லை. அத்தான் முட்டிவரை வீங்கிய காலோடு குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வாருங்கள் என்றால், தண்ணீர் வேலை எனக்குத் தெரியாத வேலையா என்கிறார். நாற்பது ஊருக்குக் குடிநீர் கொடுத்தவர். சொந்த ஊர்க் கிணறு அவரைத் தோற்கடிக்கப் பார்க்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

தேறிவிட்டது! கோளாறு இயந்திரத்தில் இல்லையாம். தொட்டியிலிருந்து வரும் பழைய இரும்புக் குழாயில். முப்பதடி நீளத்தையும் மாற்றி, ஒவ்வொரு இணைப்பையும் தானே திறந்து பார்த்து மூடினார். அறிக்கையை டாக்டர் போனில் வாசித்தபோது அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதார். பனையேறி முத்துமாலை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்துமாலை நம் சபைக்காரர் இல்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு மேளம் அடிக்கிறவர்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நம் மிஷின்களுக்கு அரசாங்க அனுமதி வர இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். அத்தானால் அதுவரை தாங்க முடியாது. இன்று முதல் டயாலிசிஸ், பாளையங்கோட்டையில். காரில் போவோம் என்றேன். பஸ் என்று சொல்லியாயிற்று, பஸ்தான் என்றார்.

ராகேல் ஜன்னல் ஸீட் பிடித்து வைத்திருந்தாள். ஊசி குத்தும்போது கையைப் பார்க்காதீர்கள், விசிறியைப் பாருங்கள், முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் வெளிறிப்போய் வந்து இறங்கினார்.

“ராகேல் இதை மூணு வருஷமாச் செய்யுதா, கிருபா. பீடியும் சுத்திக்கிட்டு,” என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

செய்தி பரவி, வெளியூரிலிருந்தும் பேர் கொடுக்க வருகிறார்கள். இட்டமொழி ரோட்டுப் பிரியாணிக் கடை மைதீன் பாய், உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள். பத்தொன்பது பேர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு பேர் சேரும்போதும் பட்டியலில் அத்தான் தன் பேரை அடித்துவிட்டு அதற்குக் கீழே எழுதுகிறார். நாலு மிஷினில் ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஆளுக்கு வாரம் இரண்டு தடவை, அப்படிப் பார்த்தால் எல்லாருக்குமே இடம் உண்டு, திறந்தபிறகும் நீங்கள் ஏன் பஸ்ஸில் போக வேண்டும் என்று சண்டை போட்டேன். இன்னும் ஆள் வரும், அவர்கள் முதலில் என்கிறார். சபை முன்னால் சொன்ன சொல்லாம்.

கோபத்தில் தட்டை ஓங்கி வைத்தேன். ராகேலிடம் போய்ப் புலம்பிவிட்டு வந்தேன். கேட்டுக்கொண்டே பீடி சுற்றினாள்.

நவம்பர் 11, திங்கள்

திறப்பு விழா. இந்தத் தடவை ரோட்டில் பந்தல் இல்லை. பேராயர் தன் காரைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஜெபம், நாடா, விளக்கு எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. வளாகம் முழுக்க ஜனம். உள்ளே நாலு கட்டில், வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் நாலு மிஷினும் தயாராகப் பச்சை விளக்கோடு. டாக்டர் மெர்லின் கையுறை மாட்டிக்கொண்டு ராகேலைக் கூப்பிட்டார். பட்டியலில் அவள் பேர்தான் முதல்.

ராகேல் முதல் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். படுக்கவில்லை.

“இஞ்சினியர் ஐயா எங்க?” என்றாள்.

அத்தான் வாசல் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். ஜனம் வழிவிட்டது.

“ஐயா படுக்கட்டும். பிறகு நான் படுக்கேன்.”

அத்தான் தலையாட்டினார். தன் முறை எல்லாருக்கும் பிறகு என்றும், அது சபையில் கொடுத்த வாக்கு என்றும் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பேராயரைப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்ற மூன்று கட்டிலுக்கும் கூப்பிடப்பட்ட முத்துமாலை, மைதீன் பாய், டீச்சரம்மா மூவரும் தங்கள் கட்டிலருகே போய், அவர்களும் நின்றுகொண்டார்கள். வெளியே நின்ற மீதிப் பேரும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். எல்லாரும் பேசிவைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

“எங்களுக்குப் பிறகுதான்னு சொன்னீய,” என்றாள் ராகேல். குரல் உயரவில்லை. “எங்களைக் கேட்டா சொன்னீய? கோயில்ல எல்லாரும் நீங்க சொன்னதைக் கேட்டாவ. எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல. இந்த முறை என்னுது. என்னுதை யாருக்குக் குடுக்கணும்னு நான்தான் சொல்லணும். உங்களுக்குக் குடுக்கேன். வாங்கிக்கிட மாட்டியளா?”

பிடி அரிசி வாங்க மறுத்தபோது ராகேலுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது.

முத்துமாலை போய் அத்தானின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அத்தான் கட்டிலில் ஏறினார். டாக்டர் ஊசி குத்தும்போது விசிறியைப் பார்த்துக்கொண்டார். குழாயில் சிவப்பு ஏறி, மிஷின் சுற்ற ஆரம்பித்தபோது மணி ஒன்பது நாற்பது. பிறகு ராகேல் இரண்டாவது கட்டிலில் படுத்தாள். மைதீன் பாய் மூன்றாவது, டீச்சரம்மா நாலாவது. தன் இடத்தை விட்டுக்கொடுத்த முத்துமாலை, மத்தியான முறைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பீடி பற்றவைக்க வெளியே போகப் பார்த்தார். நான் பீடியைப் பிடுங்கிக்கொண்டேன்.

வெளியே பெண்கள் யாரும் சொல்லாமலே பாடத் தொடங்கினார்கள். ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் இரண்டு பேர் வீட்டுக்கு ஓடிப்போய் டிரம்பெட்டோடு வந்துவிட்டார்கள். கல் சுவரைத் தாண்டி உள்ளே நாலு பேருக்கும் கேட்டது. ராகேல் படுத்தபடியே மத்திம சுருதியில் கூடப் பாடினாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. பேராயர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மைதீன் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, பிரியாணி மசாலா பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றே முக்காலுக்கு ராகேல் எழுந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கையில் கட்டை அமுக்கிப் பிடித்தபடி தெருவில் நடந்து தன் வீட்டுக்குப் போனாள். ஆறு நிமிஷ நடை. ஜெமிமா கல்லூரியிலிருந்து திரும்பும்போது அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள்.

நவம்பர் 12, செவ்வாய்

அத்தான் ஒன்பது மணிவரை தூங்கினார். எழுந்து டீ கேட்டார். கொடுத்தேன். இரண்டாவது டம்ளர் கேட்டார். காலைக்கு டாக்டர் சொன்ன தண்ணீர் அளவு முடிந்தது, கிடையாது என்றேன். தன் வீட்டில் தனக்கு ஒரு டம்ளர் டீக்கு வழியில்லையா என்று சத்தம் போட்டார். கிழக்குத் தெருவரை கேட்டிருக்கும். நான் அடுப்படியில் நின்று முழுவதையும் கேட்டேன். மாதக்கணக்கில் கேட்காத குரல். நல்ல பலமாக இருந்தது.